ஆடிக்கு முப்பத்தொரு நாள்

அத்தியாயம் 11

ஆடி மாதத்தின் கடைசி நாள் சாயங்காலம் விழுந்த இடியை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். நந்தகுமார் வாடகைக்கு விடும் வீட்டுக்குப் பின்னால் நின்ற தென்னைமரம் உச்சியில் தீப்பிடித்து, சமையலறைக்கு மேல் போட்டிருந்த சிமெண்ட் சீட்டை நொறுக்கிக்கொண்டு உள்ளே சாய்ந்தது. சமையலறையும் பின்னறையும் கரியாகிவிட்டன. முன்கூடம் மட்டும் எப்படியோ தப்பித்தது. யாரோ ஒரு ஆள் வாளியும் கையுமாக ஓடியதைப் பார்த்ததாக எதிர்வீட்டுக் கமலம் சொன்னாள். யாரென்று கேட்டால், "புகையில மூஞ்சி தெரியலம்மா" என்றாள்.

நந்தகுமார் குவைத்தில் பதினோரு வருடம் வெயிலில் நின்று சம்பாதித்ததில் மிச்சமானது அந்த ஒரு வீடுதான். சாவி அவனுடைய அக்கா வேல்விழியிடம் இருந்தது. குடி வைப்பது, வாடகை வாங்குவது, குழாய் ஒழுகினால் ஆள் பிடிப்பது எல்லாமே அவள் பொறுப்பு. தம்பி கொஞ்சம் முன்யோசனைக்காரன். வீட்டுக்கு இன்சூரன்ஸ் எடுத்து வைத்திருந்தான்.

எட்டு நாளாக வேல்விழி அந்த இன்சூரன்ஸையே கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தாள். அதற்காகத்தான் இன்றைக்குக் கடலூரிலிருந்து சர்வேயர் வருகிறார்.

காலை ஏழு மணிக்கே துணியெல்லாம் துவைத்தாகிவிட்டது. கணவர் கொளஞ்சிநாதனின் நீலச் சட்டையை உதறிக் கொடியில் போட்டுவிட்டு, "இந்தப் புது சோப்பு வந்ததுலேர்ந்து உங்க சட்டைக்காகக் கை நோகவே வேணாம்ங்க" என்றாள் வேல்விழி. "முன்னெல்லாம் அலசுன தண்ணி வெள்ளை வெளேர்னு ஓடும். இப்ப பாருங்க, சுத்தமா இருக்குது."

பதினெட்டு வருடமாகக் கொளஞ்சிநாதன் பீங்கான் கம்பெனிக்குப் போய் வருகிறார். அந்த வெள்ளை மண் சட்டைத் தையலுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். விருத்தாசலத்தில் பீங்கான் வேலைக்காரர்களின் மனைவிமார்களைக் கேட்டால் அதன் குணத்தைக் கதை கதையாகச் சொல்வார்கள்.

"நல்ல சோப்புதான்" என்றார் கொளஞ்சிநாதன். அவருடைய இடது கையில் முழங்கைக்குக் கீழே துணிக்கட்டு இருந்தது. இடி விழுந்த அன்றைக்குக் கம்பெனியில் சூளைக்குள் தள்ளும் வண்டியில் பட்டுச் சுட்டுவிட்டது என்றார். கம்பெனி முதலாளியைத் திட்டித் தீர்த்தபடியே தினமும் அதற்கு மருந்து போட்டது வேல்விழிதான்.

அவர் டிபன் பாக்ஸைக் கையில் எடுத்ததும் அவள் வழிமறித்தாள்.

"இன்னைக்கு ஒரு நாள் லீவு போட்டா என்னங்க? சர்வேயரு வராரு. துர்காவும் நானும் தனியா நின்னு என்ன பேசறது?"

"திடீர்னு கேட்டா தர மாட்டாங்க."

"மச்சான் வூடு எரிஞ்சு கெடக்குது. இதுக்குக்கூட லீவு இல்லன்னா அது என்ன கம்பெனி? இருங்க, நானே வந்து கேக்கறேன்."

அவள் சொன்னால் செய்துவிடக்கூடியவள். கம்பெனி வாசலில் நின்று மானேஜரைக் கூப்பிட்டே விடுவாள். கொளஞ்சிநாதனுக்கு முகம் வெளுத்துவிட்டது.

"வேணாம், வேணாம். நானே சொல்லிட்டு நேரா அங்க வந்துடறேன்" என்று சொல்லி, டிபன் பாக்ஸோடு விறுவிறுவென்று நடந்தார். லீவு கேட்கப் போகிறவருக்கு டிபன் பாக்ஸ் எதற்கு என்று அவளுக்குத் தோன்றியது. யோசிக்க நேரமில்லை. பெண்ணாடம் பஸ் வந்திருக்கும்.

துர்கா நந்தகுமாரின் மனைவி. பெண்ணாடத்தில் அம்மா வீட்டோடு இருக்கிறாள். நல்ல பெண்தான். ஆனால் மனதில் பட்டதை ஒரு நிமிஷம்கூட வைத்திருக்க மாட்டாள். பஸ்ஸை விட்டு இறங்கும்போதே பேச்சை ஆரம்பித்துவிட்டாள்.

"அண்ணி, நேத்து ஏஜென்ட் சாமிதுரை போன் பண்ணாரு. வூடு முப்பது நாளுக்கு மேல காலியா கெடந்தா இன்சூரன்ஸு செல்லாதாம்."

"அதான் தெரியுமே. பாலிசி எடுத்த அன்னைக்கே ஒரு மாசத்துக்கு மேல காலியா போடாதீங்கன்னு சொன்னாரு. அதுக்குத்தான் பழைய குடித்தனக்காரங்கள ஆனி கடைசி வரைக்கும் இருக்கச் சொன்னேன். ஆவணி பொறந்ததும் டீச்சரம்மா பால் காய்ச்சறேன்னு அட்வான்ஸு குடுத்துட்டாங்க. நடுவுல ஆடி ஒரு மாசந்தானே?"

"நடுவுல ஒரு பேங்க் கிளார்க்கு வந்து கேட்டாராமே? அன்னைக்கே பெட்டியோட வரேன்னாராமே?"

அந்த ஆள் வந்தது ஆடி ஒன்பதாம் தேதி. ஆடியில் குடி வந்தால் உங்களுக்கும் ஆகாது, வீட்டுக்கும் ஆகாது என்று மோர் கொடுத்து அனுப்பிவைத்தவள் வேல்விழிதான். எட்டு நாளாக அந்த மோர் அவள் வயிற்றில் புளித்துக்கொண்டிருக்கிறது.

"ஆடியில யாராச்சும் குடி வெப்பாங்களா துர்கா?"

"நான் ஒண்ணும் குத்தம் சொல்லல அண்ணி. எதுக்கும் ஜூலை பதினெட்டாம் தேதி காலி பண்ணாங்கன்னு சொல்லிடலாம். ரெண்டே ரெண்டு நாளு. யாருக்குத் தெரியப் போவுது?" குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அவரு கவலையில எளைச்சுட்டாரு போல. முன்ன வெள்ளிக்கிழமை லீவுலதான் பேசுவாரு. இப்ப வேலை நேரத்துலயே, பட்டப்பகல்ல போன் பண்றாரு. வூடு என்னாச்சு, எப்ப வாடகை வரும், இதே கேள்விதான்."

பாவம், இதைக் கேட்டதும் வேல்விழிக்கு அந்த இரண்டு நாள் பெரிய பாவமாகத் தெரியவில்லை.

சர்வேயர் தமிழ்செல்வன் முப்பத்தைந்து வயதுக்காரர். வெயிலில் ஸ்கூட்டர் ஓட்டிக் கறுத்த முகம், தோளில் பை, சின்னக் கேமரா. இருபது நிமிஷம் கரிக்குள் நின்று அளந்தார், போட்டோ எடுத்தார், குறிப்பு எழுதினார். அதற்குள் கொளஞ்சிநாதனும் வந்து சேர்ந்து, உள்ளே வராமல் கேட்டுக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டார்.

"இடி விழுந்து எரிஞ்சா பாலிசி உண்டும்மா. அதுல சிக்கல் இல்ல" என்றார் தமிழ்செல்வன்.

வேல்விழிக்கு உயிர் வந்தது.

"ஒரே ஒரு விஷயம். குடியிருந்தவங்க என்னைக்குக் காலி பண்ணாங்க?"

"ஜூலை பதினெட்டு சார்" என்று முந்திக்கொண்டாள் துர்கா.

தமிழ்செல்வன் தலையாட்டிவிட்டு முன்கூடத்துக்குப் போனார். மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில், ஆணியில் கரண்ட் அட்டை தொங்கியது. ரீடிங் எடுக்க வருகிறவர் எண்களை எழுதிவிட்டுப் போகும் அந்த வெள்ளை அட்டை. அதை எடுத்துப் பார்த்தார். கடைசி வரியில், கோணலே இல்லாத கையெழுத்தில் இப்படி இருந்தது:

16.7.06 – 4318 – காலி.

"இது யாரு கையெழுத்துங்கம்மா?"

குடித்தனக்காரர் போகும்போது ரீடிங்கைத் தேதி போட்டு எழுதிவைப்பது வேல்விழியின் பழக்கம். பின்னால் யாரும் ஒரு பேச்சுப் பேசிவிடக் கூடாதே என்கிற ஜாக்கிரதை. அந்த ஜாக்கிரதையே இப்போது அவளைப் பார்த்துப் பல்லைக் காட்டியது. பொய் அவள் வாய்வரைக்கும் வந்தது. பொய் வரவில்லை என்று எழுதினால், கதை எழுதும் நான்தான் பொய் சொன்னவன் ஆவேன்.

"என்னுதுதான் சார்" என்றாள். "பதினாறாம் தேதிதான் காலி பண்ணாங்க. ஆனி கடைசி நாளு. ஒரு மாசத்துக்கு மேல காலியா இருக்கக் கூடாதுன்னு எனக்குத் தெரியும் சார். அதனாலதான் கணக்கா ஆடி ஒரு மாசம் மட்டும் விட்டேன். மாசம்னா மாசந்தானுங்களே?"

தமிழ்செல்வனுக்கே சங்கடமாகிவிட்டது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பாலிசியில மாசம்னு இல்லம்மா. முப்பது நாளுன்னு இருக்கு. அதுக்கு மேல காலியா போடணும்னா முன்கூட்டியே கம்பெனிக்கு எழுதிக் குடுத்து சம்மதம் வாங்கணும். ஜூலை பதினேழு, ஆடி ஒண்ணு. இடி விழுந்தது ஆகஸ்ட் பதினாறு." கொஞ்சம் நிறுத்தினார். "ஆடிக்கு முப்பத்தொரு நாளும்மா."

ஒரே ஒரு நாள்! தம்பியின் பதினோரு வருடம் ஒரு நாளில் போய்விட்டது. வேல்விழி சுவரில் கையை ஊன்றிக்கொண்டாள். அந்தப் பேங்க் கிளார்க்கின் முகம், அவர் மோரைக் குடித்துவிட்டு "சரிங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போனது, எல்லாம் கண்முன்னால் வந்து நின்றது.

அட்டையை மாட்டப் போன தமிழ்செல்வன் மீட்டரைப் பார்த்தார். குனிந்து இன்னொரு முறை பார்த்தார்.

"மீட்டர்ல 4335 இருக்கே. பதினேழு யூனிட்டு ஓடியிருக்கு. காலி வூட்டுல யாரு கரண்ட் போட்டது?"

தமிழ்செல்வன் விரல்விட்டுக் கணக்குப் போட்டார்.

"பக்கத்து வூட்டுல யாராச்சும் திருட்டு வயரு இழுத்திருந்தா இன்னும் ஏகமா ஓடியிருக்கும். ஒரு ஃபேன் ஒரு மாசம் பகல்ல மட்டும் ஓடுனா ஏறக்குறைய இவ்வளவு வரும்."

துர்கா மெல்லத் திரும்பி வேல்விழியைப் பார்த்தாள். மனதில் பட்டதை அவள் வைத்திருக்க மாட்டாள் என்று முன்னாலேயே சொன்னேன்.

"அண்ணி... யாரையாச்சும் உள்ள வெச்சிருந்தீங்களா? எங்களுக்குத் தெரியாம, தனியா வாடகை வாங்கிக்கிட்டு?"

"துர்கா!"

"சாவி உங்க கையிலதானே இருந்துச்சு? பேங்க்காரரையும் வேணாம்னு அனுப்பிட்டீங்க. நான் என்னன்னு நெனைக்கறது?"

இந்த வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டிய நாளிலிருந்து கொத்தனாருக்கு டீ வாங்கிக் கொடுத்தவள் வேல்விழி. ஒரு மாச வாடகையில் ஒரு ரூபாய்கூடத் தொட்டதில்லை. ஒரு வேற்று ஆளுக்கு முன்னால், தம்பி மனைவி வாயால், தன்னைத் திருடி என்று கேட்க வேண்டியதாகிவிட்டதே என்று கண்ணீர் முட்டியது.

"அவளை ஒண்ணும் சொல்லாத துர்கா."

கேட்டுக்குப் பக்கத்திலிருந்து கொளஞ்சிநாதன் வந்துகொண்டிருந்தார். டிபன் பாக்ஸ் கையிலேயே இருந்தது.

"நான்தான் இருந்தேன்."

"நீங்களா அண்ணே? நீங்க எதுக்கு இங்க?"

அவர் துர்காவைப் பார்க்கவில்லை. வேல்விழியையும் பார்க்கவில்லை. சர்வேயரின் சட்டைப் பொத்தானைப் பார்த்துப் பேசினார்.

"எங்க கம்பெனிய மூடி ரெண்டு மாசம் ஆவுதுங்க சார். கணக்கு முடிச்சுக் குடுத்ததைத்தான் சம்பளம்னு வூட்டுல குடுத்துக்கிட்டிருக்கேன். மொதல்ல ஒரு மாசம் ஜங்ஷன் பிளாட்பாரத்துல உக்காந்திருந்தேன். தெரிஞ்சவங்க வந்து வந்து கேப்பாங்க. அப்பறம் இந்த வூடு காலியாச்சு. ரெண்டாவது சாவி எங்க வூட்டு ஆணியில தொங்குச்சு, எடுத்துக்கிட்டேன். காலையில ஒம்பது மணிக்கு வருவேன், சாயங்காலம் அஞ்சரைக்குப் போயிடுவேன். ஃபேன் மட்டுந்தான் போட்டுக்குவேன்."

வேல்விழிக்குக் கொடியில் தொங்கும் நீலச் சட்டை ஞாபகம் வந்தது. சோப்பாம் சோப்பு! இரண்டு மாதமாக மண் படாத சட்டையைத் துவைத்துவிட்டுச் சோப்புக்குப் பெருமை பேசியிருக்கிறாள்.

அவள் நேராக அவரிடம் போய் அந்தத் துணிக்கட்டைத் தொட்டாள்.

"அப்ப இது?"

"மரம் விழுந்தப்ப நான் கூடத்துலதான் இருந்தேன். தொட்டித் தண்ணிய மொண்டு ஊத்துனேன். ஜனம் கூடுனதும் பின்பக்கமா போயிட்டேன்."

தமிழ்செல்வன் முன்கூடத்துக் கதவை ஒரு தரம் பார்த்தார். "கூடம் எப்படித் தப்பிச்சுதுன்னு எனக்கு அப்பவே சந்தேகம்" என்றார். பையைத் திறந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்தார். "சார், பகல்ல ஒருத்தர் இருந்தா வூடு காலியா இல்லன்னு ஆவுமான்னு நான் முடிவு பண்ண முடியாது. ராத்திரி நீங்க தங்கல. ஆபீஸ்ல ஒருத்தரு ஒத்துக்குவாரு, ஒருத்தரு மாட்டாரு. ஆனா நீங்க இப்ப சொன்னதை உங்க கையால எழுதிக் குடுத்தா, அதை ரிப்போர்ட்டோட வெச்சு அனுப்பறேன். மீட்டரும் சாட்சி சொல்லுது. எழுதலன்னா, முப்பத்தொரு நாளு காலின்னுதான் நான் எழுதணும்."

"எழுதறேன்."

"ஒரு காப்பி பாலிசி எடுத்தவருக்கும் போவும். நந்தகுமார் சாருக்கு."

அந்தப் பெயரைக் கேட்டதும் கொளஞ்சிநாதனின் கை நின்றது. மூன்று வருடத்துக்கு முன்னால், 'குவைத்துக்கு வாங்க மாமா, நான் வேலை பாத்துத் தரேன்' என்று கூப்பிட்ட மச்சானிடம், 'எனக்கு எங்க கம்பெனி இருக்குது மாப்ள' என்று மீசையைத் தடவியவர் அவர்.

பேனாவை வாங்கிக்கொண்டார். தாளை ஸ்கூட்டர் சீட்டின் மேல் வைத்து, ஒவ்வொரு எழுத்தாக எழுதினார். '19.6.06 முதல் எனக்கு வேலை இல்லை' என்ற முதல் வரியை வேல்விழி அவர் தோளுக்குப் பின்னால் நின்று படித்தாள். காதில் கேட்டதைவிடக் கண்ணால் படித்தபோது அதிகமாக வலித்தது.

ஸ்கூட்டர் போனதும் துர்கா முந்தானை நுனியை முறுக்கிக்கொண்டு நின்றாள்.

"அண்ணி, என் வாயில..."

"சரி, விடு."

"நான் போயி டீ வாங்கியாரேன்." பதிலுக்குக்கூட நிற்காமல் தெருமுனைக்குப் போய்விட்டாள். அவளுக்கும் கொஞ்சம் தனியாக அழ வேண்டியிருந்தது.

கூடத்தில் கரி வாடை அடித்தது. வேல்விழி தரையில் உட்கார்ந்து, டிபன் பாக்ஸை வாங்கித் திறந்தாள். காலையில் அவள் கட்டிக் கொடுத்த எலுமிச்சம்பழச் சோறு.

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா உன் தம்பிகிட்ட போயி நிப்ப. அது எனக்குப் பிடிக்கல."

"இப்ப மட்டும்?"

"இப்ப உன்னைத் திருடின்னு சொல்லிட்டாங்களே."

அவள் சோற்றைப் பிசைந்து அவர் கையில் வைத்தாள். "எங்க உக்காந்திருப்பீங்க?"

அவர் ஜன்னலோரத்தைக் காட்டினார். கீழ்க்கதவு சாத்தி மேல்கதவு மட்டும் ஒரு விரலளவு திறந்திருந்தது.

"இங்கேர்ந்து ரோடு தெரியும். நாலு மணிக்கு நீ பால் வாங்கப் போவ. தெனமும் பாப்பேன். ஒரு நாளு உன் செருப்பு அறுந்துபோச்சு. கையில எடுத்துக்கிட்டு, சுடுற தாரு ரோட்டுல காலைத் தூக்கித் தூக்கி வெச்சுக்கிட்டுப் போன. ஓடியாந்து என் செருப்பைக் குடுக்கலாம்னு கதவு வரைக்கும் வந்தேன்." அவர் சோற்றைக் கீழே வைத்துவிட்டார். "வர முடியல வேலு. பட்டப்பகல்ல நான் எப்படி வருவேன்?"

செருப்பு அறுந்த அன்றைக்குச் சாயங்காலமே அந்தக் கதையை அவரிடம் ஒன்றுவிடாமல் சொல்லியிருந்தாள் வேல்விழி. புதிதாகக் கேட்பவர் போல, 'அப்படியா, ரொம்பச் சுட்டுதா?' என்று கேட்டிருந்தார். இத்தனை நேரம் அடக்கி வைத்திருந்த அழுகை இப்போதுதான் உடைந்தது. புருஷன் பொய் சொன்னதற்காக அவள் அழவில்லை. அந்தக் கதவு வரைக்கும் வந்து திரும்பிய மனுஷனுக்காக அழுதாள்.

அப்போது அவள் இடுப்பில் செருகியிருந்த செல்போன் அடித்தது. குவைத் நம்பர். வியாழக்கிழமை மதியம், வேலை நேரம்.

"குடு. தாளு போயி அவன் தெரிஞ்சுக்கறதுக்கு முன்ன நானே சொல்லிடறேன்" என்று கொளஞ்சிநாதன் கையை நீட்டினார். "மாப்ள, நான் மாமா பேசறேன். உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"மாமாவா? நல்லதாப் போச்சு. நான் மொதல்ல சொல்லிடறேன் மாமா." நந்தகுமாரின் குரல் பக்கத்திலிருந்த வேல்விழிக்கும் கேட்டது. "இங்க எனக்கு வேலை போயி ஆறு வாரம் ஆவுது. ரூம்லதான் கெடக்கறேன். ஞாயித்துக்கிழமை ஊருக்கு டிக்கெட்டு போட்டாச்சு. அந்த வூட்டு வாடகைய நம்பித்தான் வரேன். துர்காகிட்ட மட்டும் இப்ப சொல்லிடாதீங்க மாமா, உங்க கால்ல விழறேன்."

கொளஞ்சிநாதன் போனைக் காதில் வைத்தபடியே வேல்விழியைப் பார்த்தார். அவள் கண்ணைத் துடைக்க மறந்து அவரைப் பார்த்தாள்.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. மூன்று டீ கிளாஸைத் தட்டில் ஏந்திக்கொண்டு துர்கா நின்றிருந்தாள்.

"அவருதானே? பட்டப்பகல்ல போன் வந்தா அவருதான். எனக்குப் பண்ணாம உங்களுக்குப் பண்ணியிருக்காரு பாருங்க" என்று சிரித்தபடி தட்டை வைத்துவிட்டுக் கையை நீட்டினாள். "குடுங்கண்ணே, நான் பேசறேன்."